பழங்கருவியும் புதுக்கணினியும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் ஆய்வகக் கருவிகளைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையென்று, தலைப்பைக் கண்டார் சிலர் வினவக்கூடும். சென்ற ஆண்டு வரை யானும் அவ்வாறே வினவியிருப்பேன். தராசுக்கும் தமிழ் மாணவனுக்கும் கடைத்தெருவிலன்றி வேறிடத்தில் உறவுண்டென்று யான் எண்ணியதில்லை. ஆயினும், ஏலத்துக்குச் செல்லவிருந்த பழைய தராசொன்று மூன்று மாலைப்பொழுதுகளில் எனக்குக் கற்பித்த பாடம், யான் வகுப்பிற் கற்ற பாடங்களோடு பெரிதும் ஒத்திருந்தது. அதனை நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்து, அதனின்றும் எழுந்த கருத்தொன்றை வெளியிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கருத்து யாதெனின், கணினியோடு பேசாவென்று நாம் ஒதுக்கிவைக்கும் பழங்கருவிகளுட் பல பழுதுற்றவை அல்ல. அவற்றின் பேச்சை அறிந்தாரையே நாம் இழந்துவிட்டோம் என்பதாம். ஆகவே ஒரு கருவியைக் கழிப்பதற்கு முன் அதன் பேச்சைக் கேட்க முயலுதல் வேண்டும். கருவியைப் போற்றுவது போலவே அதன் குறிப்பையும் போற்றுதல் வேண்டும்.

முதற்கண் நிகழ்ந்ததைக் கூறுவேன். என் அறையில் உடன் தங்கும் நண்பர் வேதியியல் பயில்பவர். காருகுறிச்சிப் பக்கத்துக் குயவர் பானை வனையக் கொள்ளும் குளத்து மண் எவ்வாறு உலர்கின்றது என்பதை ஆராய அவர் விரும்பினார். ஈரமண் கட்டியொன்றைத் தராசுத் தட்டில் வைத்து, நிமிடந்தோறும் அதன் நிறையைக் குறித்தல் வேண்டும். பகலில் ஒருவாறு குறிக்கலாம். இரவெல்லாம் கண்விழித்துக் குறிப்பார் யார்? அவர் பழகிய ஆய்வகமொன்றில் (அஃது எதுவென்பது ஈண்டு வேண்டா) மின்னணுத் தராசொன்று இருந்தது. ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அது காட்டும். அதன் முதுகில், கணினியோடு இணைப்பதற்கென்றே அமைந்த ஒன்பது முனை வாயிலொன்றும் இருந்தது. ஆயினும் பல்லாண்டுகளாக அதனை ஒருவரும் இணைத்ததில்லை. விளக்கநூல் காணப்படவில்லை. 'கணினியோடு இணையாது, கழிக்கத் தக்கது' என்று கழிவுப் பட்டியலில் எழுதியும் ஆயிற்று. புதிய தராசு வேண்டுமெனின் அடுத்த ஆண்டுப் பணத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் நண்பர் தேர்வெழுதிக் கல்லூரியை விட்டே சென்றுவிடுவார்.

அத்தகைய வாயிலுக்கு ஆர்.எஸ்.-232 என்பது பெயர். அமெரிக்க நாட்டு மின்னணுத் தொழிற் சங்கத்தார் 1960-ஆம் ஆண்டில் வகுத்த மரபு அது. ஓர் எழுத்தைச் சிறு குறிகளாகப் பிரித்து, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது அதன் இயல்பு. குறிகள் இரண்டே; ஒன்று 0, மற்றொன்று 1. கம்பியில் 3 முதல் 15 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் தோன்றின் அது 0. அதே அளவு எதிர்மின்னழுத்தம் தோன்றின் அது 1. மரபு வகுத்தோர் மின்னழுத்தத்தையும் கம்பிகளின் பணியையும் வரையறுத்தனர். எவ்வேகத்திற் பேசுவது, ஓர் எழுத்துக்கு எத்தனை குறி, பிழை காக்கும் குறி உண்டோ இல்லையோ, வரி முடிந்ததை எவ்வாறு தெரிவிப்பது என்பனவற்றைக் கருவி செய்வோர் விருப்பத்துக்கு விட்டனர். ஆதலின் வாயில் பொருந்தினால் மட்டும் போதாது. இருபுறத்தாரும் இவையனைத்திலும் உடன்பட்டிருத்தல் வேண்டும். 1996-இல் யு.எஸ்.பி. என்னும் புதுமரபு தோன்றிய பின்னர்ப் பழைய வாயில் கணினிகளினின்றும் சிறிது சிறிதாக மறைந்தது. இன்று மாற்றி ஒன்றை இடையில் வைத்தே பழங்கருவியைக் கணினியோடு இணைக்கின்றனர்.

நண்பர் மாற்றியொன்று வாங்கி இணைத்தார். தராசின் அச்சுப் பொத்தானை அழுத்தினார். கணினியில் ஓர் எழுத்தும் தோன்றவில்லை. "தராசு செத்துவிட்டது" என்று கூறி எழுந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்னும் பழமொழியை யான் நினைவூட்டினேன். அவர் சினந்தாரேனும் மீண்டும் அமர்ந்தார். அன்று முதல் அவர் கைக்கொண்ட முறையை யான் மிகவும் மதிக்கின்றேன். ஐயத்தைக் கருவியின்மேல் ஏற்றாமல், கணினியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அடியாகச் சோதித்து நகர்வதே அம்முறை.

முதலாவது, தராசைக் கழற்றிவிட்டு, மாற்றியின் 2-ஆம் முனையையும் 3-ஆம் முனையையும் சிறு கம்பியொன்றால் இணைத்தார். ஒன்று கேட்கும் முனை; மற்றொன்று பேசும் முனை. இணைத்தபின் கணினியில் தட்டிய எழுத்தெல்லாம் எதிரொலி போல் திரும்பி வந்தன. எனவே கணினியிலும் மாற்றியிலும் குற்றமில்லை என்பது தெளிவாயிற்று. இரண்டாவது, மல்டிமீட்டரைக் கொண்டு தராசின் முனைகளைச் சோதித்தார். பேசாது வாளாவிருக்கும்போதும் பேசும் கம்பியில் எதிர்மின்னழுத்தம் நிற்கும். தராசின் 3-ஆம் முனையில் அது நின்றது. கணினியும் 3-ஆம் முனையிலேயே பேசுகின்றது. இடையிலிருந்த கேபிளோ நேர்க்கேபிள். இருவரும் ஒரே குழாயின் இரு வாயிலிருந்து பேச, கேட்பார் ஒருவருமில்லை! 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பிணைத்த குறுக்குக் கேபிளொன்றை இட்டவுடன் திரையில் எழுத்துக்கள் தோன்றின. ஆனால் அவை எம்மொழியிலும் சேராத எழுத்துக்கள்.

மறுநாள் மாலை வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். நொடிக்கு 9600 குறி, 4800, 2400 என்று இறங்கி வந்து, 1200-இல் எண்கள் சில தலைகாட்டின. சில எண்கள், மற்றவை வேண்டாக் குறிகள். அன்றிரவு அத்தாளை என்னிடம் நீட்டி, "இஃது உங்கள் பழைய தமிழ் எழுத்துரு ஏதேனுமோ?" என்று நகையாடினார்.

அவர் நகையாடியதில் உண்மை இல்லாமலில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அடையாளங்களுமே மலிந்து தோன்றும். கோப்பு அழிந்ததன்று, இவ்வெண்ணுக்கு இவ்வெழுத்து என்ற உடன்பாடு அறியப்படாமையே அதற்குக் காரணம். ஒருவர்க்கொரு உடன்பாடாக இருந்த அந்நிலையை மாற்றவே 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித் தரங்களை ஆராய்ந்தது. இன்று யூனிகோட் பெரும்பாலும் அக்குறையைத் தீர்த்துவிட்டது.

நிற்க. அத்தாளை நோக்கியபோது எனக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே ஏடெழுதுவோர் செய்யும் பிழைகள் மனம்போனவாறு நிகழ்வதில்லை. அவற்றுக்கு ஓர் ஒழுங்குண்டு. எவ்வெழுத்து எவ்வெழுத்தாக மயங்கிற்று என்று அட்டவணையிட்டால், மயக்கத்தின் காரணம் தானே புலப்படும். பாடபேதம் ஆராய்வார்க்கு இது முதற்பாடம். தராசின் பிழைக்கும் இம்முறையைக் கொள்ளலாகாதோ என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் மாலை யானும் ஆய்வகத்துக்குச் சென்றேன். பற்பல நிறைகளை வைத்து, தராசின் முகப்பிற் கண்ட எண்ணை ஒரு பத்தியிலும், கணினியிற் கண்ட வடிவை எதிர்ப்பத்தியிலும் எழுதினோம். முகப்பில் 35.960 என்றிருந்தபோது கணினியிலும் 35.960 என்றே வந்தது. 12.478 என்றிருந்தபோது புள்ளியொன்று நீங்கலாக யாவும் பிழை. அரைமணியில் அட்டவணை முடிந்தது. 0, 3, 5, 6, 9 என்பன எப்போதும் சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 என்பன எப்போதும் பிழைத்தன. அதிலும், ஓர் எண் எப்போதும் ஒரே பிழைவடிவாகவே மாறிற்று. கருவி கெட்டிருப்பின் இவ்வொழுங்கு வரக் காரணமில்லை. அட்டவணையைக் கண்ட நண்பர் ஒரு கணம் வாளா இருந்து, பின்பு, "பாரிட்டி!" என்று கூவினார்.

அவர் விளக்கியதை யான் விளங்கிக்கொண்டவாறே கூறுகின்றேன். தராசு ஓர் எழுத்துக்கு ஏழு குறிகளை அனுப்பி, எட்டாவதாகக் காவற்குறி ஒன்றைச் சேர்க்கின்றது. பாரிட்டி எனப்படுவது அதுவே. எட்டுக் குறிகளிலும் உள்ள 1-களின் தொகை இரட்டைப்படையாகுமாறு அக்காவற்குறி 0 ஆகவோ 1 ஆகவோ இடப்படும். வழியில் ஒரு குறி மாறினால் தொகை ஒற்றைப்படையாகும். கேட்பவர் பிழையை உணர்வர். 3 என்னும் எண்ணின் ஏழு குறி 0110011. இதில் 1-கள் நான்கு, இரட்டைப்படை. ஆதலின் காவற்குறி 0. 1 என்னும் எண்ணின் ஏழு குறி 0110001. இதில் 1-கள் மூன்று, ஒற்றைப்படை. ஆதலின் காவற்குறி 1. எங்கள் கணினியோ காவற்குறி இல்லையென்றும் எட்டும் எழுத்தின் உறுப்பே என்றும் கருதியிருந்தது. காவற்குறி 0 ஆனபோது எழுத்து மாறவில்லை. 1 ஆனபோது வேறெழுத்தாகிவிட்டது. ஓலையில் இடாத புள்ளியால் படிப்பவர் மயங்குவது போல, இங்கு இட்ட புள்ளியால் கணினி மயங்கிற்று.

'ஏழு குறி, இரட்டைப்படைக் காவல்' என்று கணினிக்குத் தெரிவித்தவுடன் எண்கள் யாவும் முகப்பிற் கண்டவாறே வந்தன. வரிமுடிவைக் காட்டும் குறி எதுவென்பதில் இன்னும் ஒரு சிறு மயக்கம் இருந்தது. அதுவும் கால்மணியில் தீர்ந்தது. அன்றிரவு நாங்கள் உறங்கினோம். தராசும் கணினியும் விழித்திருந்தன. பத்து மணி நேரத்தில் அறுநூறு அளவுகள் பதிவாகியிருந்தன. மண்ணின் ஈரம் முதலில் ஒரே சீராகக் குறைந்து, பின்னர் மெல்ல மெல்லத் தளர்ந்து சென்ற வளைகோடு காலையில் திரையில் விளங்கிற்று. பச்சைப் பானையை வெயிலில் வையாது நிழலில் உலர்த்தும் குயவரது அறிவின் ஒரு பகுதி, எண்ணாக எழுதப்பட்டுக் கிடந்தது.

இவ்வெற்றியைக் கூறுதற்கு மட்டும் யான் இக்கட்டுரையை எழுதினேனல்லேன். சில நாள் கழித்து, அவ்வாய்வகத்திற் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்ற பணியாளர் ஒருவரைக் கடைவீதியிற் கண்டோம். "அண்ணாச்சி, அந்தப் பழைய தராசைக் கணினியில் இணைத்துவிட்டோம்" என்றார் நண்பர். பெரியவர் மகிழ்ந்து, "1200 வேகம், ஏழு, இரட்டைப்படை, அப்படித்தானே தம்பி? ஒரு தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டி வைத்திருந்தேனே. வெள்ளையடித்தபோது கிழித்துவிட்டார்களோ?" என்றார். எங்கள் மூன்று மாலைப்பொழுதின் உழைப்பு அவர்க்கு ஒரு வரிச் செய்தி. அவ்வரி கிழிந்து குப்பையிற் போயிற்று. அதுபற்றியே ஒரு நல்ல தராசு ஏலத்துக்குச் செல்லவிருந்தது. அவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டுமென்று ஒருவர்க்கும் தோன்றியதுமில்லை.

கருவி அழிந்தாலும் குறிப்பு நின்றால் அளவு பிழைக்கும் என்பதற்கு நம் பொருநை பிறக்கும் மலையிலேயே சான்றுண்டு. திருவனந்தபுரத்து வானாய்வகத்துக்கு 1852-இல் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், 1855-இல் அகத்தியமலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், காந்த ஆய்வுக்கூடமொன்றை நிறுவினார். காந்தமுள்ளின் நுண்ணிய அசைவுகளைக் கண்ணால் நோக்கிக் கையால் எழுதினர். திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த அளவுகளை அவர் 1874-இல் நூலாக அச்சிட்டபோது, எண்களை மட்டும் அடுக்கி வைக்கவில்லை; கருவிகளின் இயல்பையும் அளந்த முறையையும் உடன் விவரித்தார். அதனாலன்றோ அவ்வெண்கள் இன்றும் ஆராய்வார்க்குப் பயன்படுகின்றன. இன்று திருநெல்வேலிக்கு அணித்தாகிய கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தாரின் ஆய்வகம் விளங்குகின்றது. காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அருகிற் செல்வதே அஃது ஈண்டு அமைந்ததன் காரணம். அங்கு அளவுகள் கணினியிலேயே பதிவாகின்றன. மலையுச்சியிற் கையால் எழுதியதையும் சமவெளியிற் கணினி எழுதியதையும் ஒருவர் ஒப்புநோக்க இயலுமாயின், இடைநின்று உதவுவது எவ்வாறு அளந்தனர் என்னும் குறிப்பேயாம்.

இனி, எதிர்ப்பார் கூற்றையும் நோக்குதல் முறை. "மூன்று மாலைப்பொழுதை வீணாக்குவானேன்? புதியது வாங்கின் ஒரு நொடியில் இணையும்" என்பர் சிலர். பணமுள்ள இடத்து அது தக்கதே. ஆனால் புதியதும் பத்தாண்டிற் பழையதாகும். அதன் குறிப்பையும் நாம் இழப்போமாயின் மீண்டும் இதே ஏலம், இதே காத்திருப்பு. வேறு சிலர், பழையன கழிதல் குற்றமன்று என்று நன்னூலார் கொண்ட விதியை இதற்கும் காட்டுவர். வழக்கற்ற சொல்லுக்கு அவ்விதி பொருந்தும். இன்றும் பொருள் தரும் சொல்லை, அகராதி தொலைந்தது என்னும் காரணத்தால் வழக்கற்றதென்று கொள்ளலாமோ?

எனினும் எல்லாப் பழங்கருவிகளையும் காத்தல் வேண்டும் என்பது என் கருத்தன்று. கணினியோடு இணைந்தது என்பதனாலேயே ஒரு தராசு மெய் கூறும் என்று கொள்ளலாகாது; திட்ட எடைக்கற்களால் அதனைச் சோதித்த பின்னரே நண்பர் தம் ஆய்வைத் தொடங்கினார். பாதரசம் கசியும் கருவிகளையும், உள்ளே உயர்மின்னழுத்தம் தேங்கி நிற்கும் கருவிகளையும் மாணவர் திறத்தல் ஆகாது. தேர்ந்தாரிடமே விடுதல் வேண்டும். சில கருவிகள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு மட்டுமே பேசும். அவ்வமைப்புக்கு 2014 ஏப்ரலோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் பாதுகாப்பு உதவியை நிறுத்திவிட்டது. ஆகவே அத்தகைய கணினியை இணையத்தோடு பிணையாது தனியே வைத்தல் நலம். இவ்வெல்லைகளை அறிந்து நடப்பின் கேடில்லை.

செலவும் பெரிதன்று. கருவிகளையும் கணினியையும் எளிய செலவில் இணைக்கும் முயற்சி நம் நாட்டிலேயே நடந்துள்ளது. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தார் 2004-ஆம் ஆண்டிற் 'பீனிக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் 'எக்ஸ்ப்ஐஸ்' என்னும் சிறு பெட்டியை உருவாக்கினர். யு.எஸ்.பி. வழியே கணினியோடு இணையும் அப்பெட்டி மின்னழுத்தத்தையும் காலத்தையும் அளக்கும். பைத்தான் மொழியில் சில வரிகளால் அதனை இயக்கலாம். அதன் அமைப்பு முழுவதையும் யாவரும் காண வெளியிட்டமையே அதன் தனிச்சிறப்பு. பேசும் வாயிலே இல்லாத மிகப் பழங்கருவிகளுக்கும் இத்தகைய பெட்டிகளால் வாய் கொடுக்கலாம் என்று இயற்பியல் நண்பர்கள் கூறுகின்றனர்.

ஆதலின் நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று, ஒவ்வோர் ஆய்வகத்திலும் 'கருவியேடு' ஒன்று தொடங்குக. கருவி ஒன்றுக்கு ஒரு பக்கம் போதும். அதன் வேகம், குறிகளின் தொகை, காவற்குறி, வரிமுடிவு, கேபிளின் வகை, அது அனுப்பும் வரிக்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகியன அதில் தமிழில் எழுதப்படுக. ஒரு படி ஆய்வகத்திலும் மற்றொரு படி நூலகத்திலும் இருக்கட்டும். இரண்டு, கழிவுப் பட்டியலில் ஏறும் கருவியை, ஏலத்துக்கு முன் ஒரு வாரம் மாணவரிடம் ஒப்படைக்குக. அக்குழுவில் அறிவியல் மாணவரோடு மொழி மாணவர் ஒருவரும் இருப்பது பயன்தரும் என்பதற்கு யானே சான்று. மூன்று, ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்து, அவர்கள் அறிந்ததைக் கேட்டெழுதுக. ஏலத்துக்குச் செல்லும் கருவிக்கேனும் ஒரு விலையுண்டு. அவர்களது அறிவு விலையின்றியே மறைந்து போகின்றது.

பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கும் ஒரு சொல். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி நம் பொருநைக்கரை ஆழ்வார்திருநகரி வரை வந்தார் என்பதை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அவ்வேடுகள் யாரோ சிலர் வீட்டுப் பரணிற் கிடந்தமையாலன்றோ அவர் கைக்கு எட்டின? உங்கள் வீட்டுப் பரணிலும் நீங்கள் பயின்ற காலத்துக் கருவிகளின் விளக்கநூலோ, கையெழுத்துக் குறிப்போ கிடக்கலாம். பழைய தாளென்று கடைக்குப் போடாமல் கல்லூரிக்கு அனுப்புமாறு வேண்டுகின்றேன்.

அத்தராசு கழிவுப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. அதன் முதுகில் இப்போது என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது: 'வேகம் 1200, ஏழு குறி, இரட்டைப்படைக் காவல், குறுக்குக் கேபிள்.' அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதி வைத்துள்ளேன்: 'வெள்ளையடிப்போர் இதனைக் கிழியாதிருப்பாராக.'